டர்பனில் மாதுளை வாங்குவோருக்கு: ஆக்கோ, ஹெர்ஷ்கோவிட்ஸ், வொண்டர்ஃபுல்

முதலிலேயே முடிவைச் சொல்லிவிடுகிறேன். அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு கிளம்பலாம். தயிர்சாதத்தில் தூவவும், பிள்ளைகளுக்குக் கிண்ணத்தில் போட்டுக் கொடுக்கவும் மாதுளை வேண்டுமென்றால் மார்ச் மாதம் வரும் ஆக்கோ ரகம், அது கிடைக்காவிட்டால் ஹெர்ஷ்கோவிட்ஸ். ஜூஸுக்கு வொண்டர்ஃபுல், அதுவும் ஏப்ரல் பாதி தாண்டியபின். ஆகஸ்ட் முடிந்ததும் நான் மாதுளைப் பக்கமே போவதில்லை. தோலின் சிவப்பைப் பார்த்து எந்த மாதத்திலும் எதையும் முடிவு செய்யாதீர்கள். காரணங்கள் கொஞ்சம் நீளம், நேரம் இருந்தால் மேலே படியுங்கள்.

நான் டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். கோயில் விசேஷங்களுக்கும் வளைகாப்பு, காதுகுத்து மாதிரி வீட்டு விசேஷங்களுக்கும் சைவச் சாப்பாடு சமைத்துக் கொடுப்பது தொழில். அதனால் மாதுளை எங்கள் வீட்டுக்குப் பெட்டிக் கணக்கில் வரும். அதற்கு முன்னால் ஒரு பழக்கமும் உண்டு: சித்தப்பா மதுரையில் பெரியார் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜூஸ் கடை வைத்திருந்தார். பள்ளிக்கூட லீவு விட்டால் கடையின் பின்பக்கம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து மாதுளை உரிப்பது என் வேலை. நகக்கண் கறுத்துப்போய் ஸ்கூல் திறக்கும்வரை போகாது. அப்போது வந்ததெல்லாம் பெரும்பாலும் கணேஷ் ரகம். 1936-இல் புனேயில் ஆளந்தி ரகத்திலிருந்து தேர்ந்தெடுத்த பழம். விதை மெத்தென்று இருக்கும், இனிக்கும், ஆனால் ஜூஸ் வெளிர் ரோஜா நிறத்தில்தான் விழும். "என்னண்ணே, தண்ணி கலந்துட்டீங்களா?" என்று கேட்காத வாடிக்கையாளர் கிடையாது. நிறத்துக்காக பீட்ரூட் துண்டு போட்ட கடைகளும் உண்டு, சித்தப்பா போடமாட்டார். 2000-களின் தொடக்கத்தில் பக்வா வெளிவந்தது. அது மதுரைக் கடைகளுக்குப் பரவிய பிறகுதான் அந்தக் கேள்வி நின்றது. செம்பழத் தோல், ரத்தச் சிவப்பு முத்து, மெல்லிய விதை. இன்றைக்கு நம் ஊரில் மாதுளை என்று கேட்டால் தருவது பெரும்பாலும் பக்வாதான்.

இங்கே டர்பனுக்கு வந்த எல்லாருக்கும் அந்த பக்வா ருசிதான் நாக்கில் இருக்கிறது. கடையில் பளபளவென்று பெரிய பழத்தைப் பார்த்ததும் அதே ருசியை எதிர்பார்த்து வாங்கி, வாயில் போட்டு, முகத்தைச் சுளித்துவிட்டு "சவுத் ஆப்பிரிக்கா மாதுளையே புளிப்பு" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். என்னிடம் சாப்பாடு வாங்குகிறவர்களில் பாதிப் பேர் இதைச் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் தின்றது வொண்டர்ஃபுல். அதன் சுபாவமே அது.

வொண்டர்ஃபுல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவிலிருந்து 1896-இல் கலிஃபோர்னியாவுக்குப் போய் அங்கே பெருகிய ரகம். தென்னாப்பிரிக்காவில் அதிகம் பயிராவதும் இதுதான். சர்க்கரையில் இது குறைந்த பழம் இல்லை. சர்க்கரை அளக்கும் பிரிக்ஸ் மீட்டரில் வைத்தால் 15, 16 என்று பக்வாவுக்குச் சமமாகவே காட்டும். வித்தியாசம் புளிப்பில். பக்வாவில் அமிலம் அரை சதவீதத்தை ஒட்டி நிற்கும், வொண்டர்ஃபுல்லில் ஒரு சதவீதத்தைத் தாண்டிவிடும். கூடவே கொஞ்சம் துவர்ப்பும், பல்லில் நறநறக்கும் விதையும். கையில் எடுத்து முத்து முத்தாகத் தின்ன இது தோது இல்லை. தயிர்சாதத்துக்கோ சுத்தமாக ஆகாது: அரை மணி நேரத்தில் சாயம் இறங்கி, வெள்ளைச் சாதம் கத்தரிப்பூ நிறத்துக்குப் போய்விடும். தயிரின் புளிப்போடு இதன் புளிப்பும் சேர்ந்தால் பெருமாளுக்குக்கூடப் படைக்க மனசு வராது.

ஆனால் ஜூஸ் என்று வந்துவிட்டால் வொண்டர்ஃபுல்லுக்குப் பக்கத்தில் எதுவும் நிற்காது. புளிப்பு இருப்பதால்தான் ஐஸ் போட்டும் ருசி சப்பென்று போகாமல் நிற்கிறது. நாலு கிலோப் பெட்டி ஒன்றை உரித்தால் ஒன்றரை லிட்டருக்குக் கிட்ட வடிகட்டிய சாறு வரும். ஒரே ஒரு எச்சரிக்கை: மிக்சியை ஓடவிடாதீர்கள். விட்டு விட்டு ரெண்டு மூணு சுற்று, அவ்வளவுதான். விதை உடைந்தால் கசப்பு இறங்கும். நறநற விதை என்பதால் இதில் அந்தக் கசப்பு அதிகம் தெரியும். மெல்லிய பருத்தித் துணியில் பிழிந்து, ஒரு சிட்டிகை உப்பும் கொஞ்சம் சர்க்கரையும் போட்டால் போதும். நிச்சயதார்த்த வீடுகளில் வரவேற்பு பானமாக இதைத்தான் கொடுக்கிறேன். ஜூஸுக்குப் பத்துக்கு ஒன்பதரை மதிப்பெண், தட்டில் வைத்துத் தின்ன ஐந்து.

ஆக்கோவும் ஹெர்ஷ்கோவிட்ஸும் இஸ்ரேல் வழி வந்த ரகங்கள். பிப்ரவரி கடைசியில் எட்டிப் பார்த்து, மார்ச்சில் நிறைந்து, ஏப்ரலில் ஓய்ந்துவிடும். ஆக்கோவின் விதை மெல்லியது; நம் பக்வா ஆசைக்கு இங்கே கிடைப்பதில் மிக அருகில் வருவது இதுதான். பழம் வொண்டர்ஃபுல் அளவுக்குப் பருக்காது, கடையில் பக்கத்தில் வைத்தால் ஏழைவீட்டுப் பழம் மாதிரி தெரியும். அதைப் பார்த்துவிட்டுத்தான் பலர் தாண்டிப் போகிறார்கள். ஹெர்ஷ்கோவிட்ஸ் என் நாக்குக்கு ஆக்கோவைவிடப் புளிப்பு கொஞ்சம் தூக்கல், முத்தின் நிறம் நல்ல ஆழம். பச்சடிக்கும் சுண்டலுக்கும் அதை எடுப்பேன், தயிர்சாதத்துக்கு ஆக்கோதான். இரண்டும் வீட்டில் நெடுநாள் தாங்காது. பெட்டி வாங்கினால் வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். ஆக்கோவுக்கு எட்டரை, ஹெர்ஷ்கோவிட்ஸுக்கு எட்டு.

பக்வாவே இங்கே விளையாதா என்று கேட்பவர்களுக்கு: விளையும். ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகத்தில் லைனஸ் ஒபாரா, ஒலனியி ஃபவோலே ஆகியோர் தென்னாப்பிரிக்காவில் விளைந்த பக்வா, கணேஷ், அரக்தா, ரூபி, ஹெர்ஷ்கோவிட்ஸ், வொண்டர்ஃபுல் எல்லாவற்றையும் வைத்து ஆராய்ச்சி செய்து கட்டுரைகள் எழுதியிருக்கிறார்கள். வொண்டர்ஃபுல் ஒன்றையே காக்காமஸ், வூஸ்டர் என்று வெவ்வேறு ஊர்த் தோட்டங்களிலிருந்து எடுத்து ஒப்பிட்ட வேலையும் உண்டு. ஒரே ரகம், ஊர் மாறினால் சாறு மாறுகிறது. ஆனால் பக்வா என்று எழுதிய பெட்டி டர்பன் சந்தையில் என் கையில் கிடைத்ததில்லை. கிடைத்தால் சொல்லுங்கள், விடியற்காலையிலேயே வந்து நிற்கிறேன்.

இனி வருஷக் கணக்குக்கு வருவோம். எனக்கு இதுதான் முக்கியம், ரகத்தைவிடக் கூட.

மதுரையில் மாதுளைக்கு சீசன் என்று ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரியாது. சோலாப்பூர், சாங்லி, நாசிக் பக்கம் மரத்துக்குத் தண்ணீரை நிறுத்திக் காயப்போட்டு, இலை உதிர்ந்ததும் மறுபடி பாய்ச்சிப் பூக்க வைப்பார்கள். தை, மாசியில் பூக்க வைத்தால் அம்பே பஹார், ஆனி, ஆடியில் மிருக் பஹார், புரட்டாசி, ஐப்பசியில் ஹஸ்த பஹார். ஒரு தோட்டம் ஓய்ந்தால் இன்னொரு தோட்டம் காய்க்கும். ஒரு பூப்பு கெட்டாலும் அடுத்தது தூக்கிவிடும். அதிலும் சித்தப்பாவுக்கு ஒரு கணக்கு இருந்தது. "தை மாசப் பழம்னா கண்ணை மூடிட்டு வாங்கும்மா, ஆவணிப் பழத்தை வெட்டிப் பார்த்துட்டு வாங்கு" என்பார். இரவுக் குளிர் இருந்தால்தான் முத்தில் சிவப்பு நன்றாக ஏறும், வெயில் காந்தும் நாட்களில் முதிர்ந்த பழம் வெளிறித்தான் இருக்கும் என்று பிற்பாடு படித்தபோது, அவர் காரணம் தெரியாமலே சரியாகச் சொல்லியிருக்கிறார் என்று பட்டது.

நமக்குப் பழம் வரும் மேற்குக் கேப் மாகாணத்தில் அந்த வசதி கிடையாது. குளிர்காலத்தில் மரம் தானாக இலையை உதிர்த்துத் தூங்கும். வசந்தத்தில், செப்டம்பர் அக்டோபர் வாக்கில் துளிர்த்துப் பூக்கும். பிப்ரவரி கடைசி முதல் மே வரை அறுவடை. வருஷத்துக்கு ஒரே ஒரு தடவை. அந்த ஒரு தடவையில் வானம் என்ன செய்ததோ அதைத்தான் வருஷம் முழுக்க நாம் தின்கிறோம்.

2015 முதல் 2018 வரை கேப் பக்கம் வறட்சி. கேப் டவுனில் குழாயே நின்றுவிடும் நாள் என்று 2018-இல் தேதி குறித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள் அல்லவா, அந்தக் காலம். பண்ணைகளுக்கும் பாசனத் தண்ணீரை வெட்டினார்கள். அப்போது எனக்கு வந்த பெட்டிகளில் பழம் பொடிப்பொடியாக இருந்தது. பெட்டிமேல் ஓர் எண் போட்டிருப்பார்கள், அதுதான் உள்ளே இருக்கும் பழங்களின் எண்ணிக்கை. எண் பெரிதானால் பழம் சிறிது. அந்த வருஷங்களில் சின்ன எண் பெட்டி கண்ணில் படுவதே அபூர்வம். உரிப்பதற்கு இரட்டிப்பு வேலை, என்னோடு உதவிக்கு வரும் பெண் சலித்துக்கொண்டே இருப்பாள். ஆனால் வாயில் போட்டால்! தண்ணீர் குறைந்த மரத்தில் பழம் சிறுக்கும், இனிப்பு திரண்டு நிற்கும். 2018 ஏப்ரலில் போட்ட ஜூஸுக்குச் சர்க்கரை டப்பாவையே திறக்கவில்லை. பழத்தின் பருமனைப் பார்த்து விலை கொடுக்கிற பழக்கம் எனக்கு அந்த வருஷத்தோடு விட்டுப்போனது.

நேர்மாறு 2024. அதற்கு முந்தைய செப்டம்பரில், 24, 25 தேதிகளில், மேற்குக் கேப்பில் பெருமழை கொட்டி வெள்ளம் வந்தது. பூக்கிற பருவத்தில் ஈரம் தங்கினால் ஆல்டர்னேரியா என்கிற பூஞ்சை பூ வழியாகவே உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். பழம் வளரும், சிவக்கும், வெளியே ஒரு புள்ளி இருக்காது. வெட்டினால் நடுவில் கரி. அந்த சீசனில் என் பெட்டிகளில் இப்படி நெஞ்சு கறுத்த பழம் மற்ற வருஷங்களைவிடக் கூடுதல். அர்ச்சனைத் தட்டுக்கு முழுப் பழமாகக் கொடுத்துவிட்டு, ஐயர் வெட்டும்போது என்ன வருமோ என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றது எனக்குத்தான் தெரியும்.

2022-இல் குற்றம் மரத்துடையது அல்ல. ஏப்ரல் 11, 12-இல் டர்பனையே வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. கேப்பிலிருந்து சுமார் 1,600 கிலோமீட்டர் லாரியில் வரும் சரக்கு, ரோடு உடைந்த ஊருக்குள் எப்படி வரும்? வந்தது தோல் சுருங்கி, விலை ஏறி வந்தது. அந்த ஏப்ரல் பழத்துக்கு மதிப்பெண் போடுவது நியாயமில்லை, விட்டுவிடுகிறேன்.

பங்குனி, சித்திரை விசேஷங்களையும் கணக்கில் எடுக்க வேண்டும். இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலில் பெரிய வெள்ளி (குட் ஃப்ரைடே) அன்றைக்கு எள் போட்டால் எள் விழாத கூட்டம். தட்டுக்கு மாதுளை கேட்பவர்கள் அதிகம், விலையும் அந்த வாரம் துள்ளும். 2024-இல் பெரிய வெள்ளி மார்ச் 29-லேயே வந்துவிட்டது. ஆக்கோ, ஹெர்ஷ்கோவிட்ஸ் வாங்கியவர்கள் தப்பித்தார்கள். கூட்டத்தைப் பார்த்து முந்திப் பறித்த வொண்டர்ஃபுல்லும் அப்போது கடைக்கு வந்திருந்தது. மாதுளை வாழைப்பழம்போல வீட்டில் வைத்தால் பழுக்கிற சாதி இல்லை. மரத்தைவிட்டு வந்ததோடு அதன் இனிப்பு நின்றுவிடும். காயாகப் பறித்தது கடைசிவரை காய்தான். 2025-இல் பெரிய வெள்ளி ஏப்ரல் 18. வொண்டர்ஃபுல் நன்றாக முதிர்ந்து வந்த நேரம், ஜூஸுக்கே தனிப் பெட்டி எடுத்தேன்.

எங்கே வாங்குவது? நான் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை சாட்ஸ்வொர்த்தின் பங்களாதேஷ் மார்க்கெட்டில் ஓர் அக்காவிடம் வாங்குகிறேன். மூன்றாம் தலைமுறைத் தமிழ்க்காரர். பேச்செல்லாம் ஆங்கிலம், விலை பேசும்போது மட்டும் "போதும் கண்ணு, போதும்" என்று தமிழ் வரும். அவரிடம் பிடித்த விஷயம், கேட்டால் பெட்டியின் பக்கவாட்டைத் திருப்பிக் காட்டுவார். ரகத்தின் பெயர், எண்ணிக்கை, தோட்டம் இருக்கும் ஊர் எல்லாம் அதில் இருக்கும். வெல்லிங்டன், போர்ட்டர்வில் என்று எழுதியிருந்தால் எடுத்துக்கொள்வேன். ஒரு பழத்தை வெட்டிக் காட்டச் சொன்னாலும் முணுமுணுத்துக்கொண்டே வெட்டுவார். முதல் வாரம் சொல்லும் விலையில் மே மாதம் ரெண்டு பெட்டி வாங்கலாம், அதையும் அவரே சொல்லிவிடுவார்.

சூப்பர் மார்க்கெட்டில்தான் எனக்குக் கோபம். பெயர் வேண்டாம், பெரிய கடை. ஆப்பிள் தட்டில் ஒவ்வொன்றுக்கும் ரகம் எழுதி அட்டை வைக்கிறார்கள். மாதுளைக்கு வெறும் "மாதுளை". மார்ச்சில் ஆக்கோ இருந்த அதே தட்டில், அதே விலைக்கு, ஏப்ரல் முதல் வாரம் வொண்டர்ஃபுல்லைக் கொட்டிவிடுகிறார்கள். வாங்குகிறவருக்கு எப்படித் தெரியும்? மேலாளரிடம் கேட்டேன். சிவப்பாகத்தானே இருக்கிறது மேடம் என்றார்.

ரகம் தெரியாத இடத்தில் நான் பார்ப்பது இவ்வளவுதான். ஒரே அளவில் ரெண்டு பழத்தை இரண்டு கையிலும் தூக்குவேன், கனமானது எனக்கு. நெஞ்சு கறுத்த பழம் பெரும்பாலும் எடை குறைந்து, நிறம் சற்று மங்கி இருக்கும். உருண்டையாகப் பந்துபோல் இருப்பதைவிடப் பக்கங்கள் கொஞ்சம் தட்டையாகி முனை தெரிவது நல்லது. உள்ளே முத்து நிறைந்து தோலைத் தள்ளியிருக்கிறது என்று பொருள். ஒரு பக்கம் மட்டும் பழுப்பாக, தோல்செருப்பு மாதிரி தடித்திருந்தால் வெயில் சுட்டது. இந்தப் பக்க உலகத்தில் சூரியன் வடக்கே சாய்ந்து போவதால் மரத்தின் வடமேற்குப் பக்கப் பழங்களுக்கு இந்தச் சூடு அதிகம். சுட்ட இடத்துக்கு நேர் கீழே முத்து வெளிறியிருக்கும், மற்ற பக்கம் பழுதில்லை. விலை குறைத்துக் கேட்டு ஜூஸுக்கு வாங்கிக்கொள்ளலாம். வெடித்த பழம் இனிப்பாக இருக்கும் என்பது உண்மைதான், ஆனால் வெடிப்பு வழியே பூஞ்சை நுழைய ஒரு நாள் போதும். அன்றைக்கே தின்பதானால் சரி.

சிலர் "எங்க வீட்டுக் கொல்லையிலேயே மரம் இருக்கே" என்பார்கள். சாட்ஸ்வொர்த்தின் பழைய வீடுகளில் உண்டு, பூ பார்க்க அழகு. ஆனால் மாதுளைக்கு வேண்டியது காய் வளரும்போது காய்ந்த வெயில். கேப்பில் மழை குளிர்காலத்தில், நமக்கோ நவம்பர் முதல் மார்ச் வரை கொட்டுகிறது. காய் முதிரும் நேரத்தில் ஒரு வாரம் காய்ந்து, அடுத்த நாள் மழை அடித்தால் உள்ளே முத்து உப்பி, தோல் தாங்காமல் பிளந்துவிடும். பக்கத்து வீட்டு ஆயா அந்தக் காய்களின் தோலை மட்டும் காயவைத்து டப்பாவில் வைத்திருக்கிறார், வயிற்றுப்போக்குக்கு. அந்த மரத்தால் அவருக்கு அந்த உபயோகம் போதும்.

உரித்து டப்பாவில் அடைத்த முத்து: அவசரத்துக்குப் பரவாயில்லை. டப்பாவைச் சாய்த்துப் பார்த்து, அடியில் சிவப்பு நீர் தேங்கியிருந்தால் வைத்துவிடுங்கள். பாட்டில் ஜூஸ் வாங்கினால் பின்பக்கச் சின்ன எழுத்தைப் படியுங்கள், ஆப்பிள் சாறும் திராட்சைச் சாறும் மாதுளைக்கு முன்னால் வரிசையில் நிற்கும் பாட்டில்கள் உண்டு.

ஜூன், ஜூலையில் கிடைப்பது குளிர்சாதனக் கிடங்கிலிருந்து வரும் வொண்டர்ஃபுல். ஆடி மாதக் கூழ் ஊற்றும் நேரத்துக்கு இதுதான் கதி. கிடங்கில் நெடுநாள் இருந்த பழத்துக்குத் தோல் பழுப்பேறும், பயப்பட வேண்டாம். பல சமயம் உள்ளே முத்து நன்றாகவே இருக்கும், கடைக்காரரும் தள்ளிவிடத்தான் பார்ப்பார். வீட்டில் ஃப்ரிட்ஜின் காய்கறித் தட்டில் வையுங்கள். மிகக் குளிர்ந்த மேல்தட்டு வேண்டாம்; 5 டிகிரிக்குக் கீழே நெடுநாள் இருந்தால் தோலும் உள்ளே இருக்கும் வெள்ளைச் சவ்வும் பழுப்பேறிக் கறுக்கும்.

புரட்டாசிக்கு ஆர்டர் கொடுப்பவர்கள்தான் தயிர்சாதத்தில் மாதுளை கட்டாயம் என்பார்கள். அப்போது கேப் மரங்கள் துளிர்க்கத்தான் ஆரம்பித்திருக்கும். அந்த மாதம் கடையில் இருப்பது வெளிநாட்டுப் பழமாக இருக்கும், இல்லாவிட்டால் கிடங்கின் கடைசிச் சரக்காக இருக்கும். விலை கைசுடும், ருசி நான் கேரண்டி கொடுக்க முடியாது. துருவிய கேரட்டும் ஆரஞ்சு நதிப் பக்கத்து உலர்திராட்சையும் போட்டுக் கொடுக்கிறேன் என்று முன்பணம் வாங்கும்போதே சொல்லிவிடுகிறேன். வேண்டாம் என்பவர்கள் மார்ச்சில் வரட்டும்.